மருதப்பனிடம் சொல்லாதது

1

இந்தக் கதையை நானாக எழுத நினைக்கவில்லை. எங்கள் சபை மூப்பர் இராஜசிங்கம் போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, சபைப் பத்திரிகைக்கு ஒரு கதை வேண்டும் என்றார். உலகத்தார் ஆலோசனையைத் தள்ளிவிட்டுத் தேவ ஞானத்தைத் தேடிய ஒருவரைப் பற்றி, நான்கு பக்கத்துக்குள், உண்மைச் சம்பவமானால் நல்லது.

"கடைசியில ஆண்டவர் தெளிவாப் பேசவேணும், தம்பி," என்றார்.

எனக்கு அப்படி ஒருவரைத் தெரியும். மூப்பருக்கும் தெரியும். பதினொரு வருஷத்துக்கு முன்பு அந்த அம்மாளுக்கு உலக ஆலோசனை சொன்ன இருவரில் அவர் ஒருவர். அது அவருக்கு ஞாபகம் இல்லை. இன்னொருவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சிங்கப்பூர்க் காத்தோங்கில் கடற்காற்று வீசிய ஒரு மாலையில், நர்ஸ் இரஞ்சிதம் முழங்காலில் நின்று கண்ணீரோடு

(அடித்துவிட்டேன். அவர் முழங்காலில் நின்றதை நான் பார்த்ததில்லை. கண்ணீரையும் பார்த்ததில்லை.)

பார்த்ததையும் கேட்டதையும் மட்டும் சொல்கிறேன். இரஞ்சிதம் யாழ்ப்பாணத்துப் பெண், கணவர் இல்லாதவர். ஜப்பான்காரன் காலத்தில் அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு கூலிக்காரப் பெண் காய்ச்சலில் இறந்தாள். அவளுடைய மூன்று வயது மகளை வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. அப்பன் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடித்துப்போகப்பட்டவன். போனவர்கள் திரும்பாத காலம். இரஞ்சிதம் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். குணமணி என்று பெயர் வைத்து, ஞானஸ்நானம் கொடுத்து, தன் மகள் என்றே வளர்த்தார்.

1955இல் அப்பன் வந்தான்.

3

இங்கே ஒரு குமாஸ்தா வருகிறான். முதல் பிரதியில் அவனுக்குப் பரமசிவம் என்று பெயர் வைத்து, வேறு மதத்தவனாக்கினேன். கெட்ட ஆலோசனை வெளியே இருந்து வந்தால் சபையார் நிம்மதியாக வாசிப்பார்கள். இரண்டாவது பிரதியில் அவன் குடிப்பான். மூன்றாவதில் அவனை எடுத்தே விட்டேன், கதை நகரவில்லை.

அவன் நான்தான்.

அப்போது ஒரு வக்கீல் ஆபீசில் இருந்தேன். ஒரு நாள் காலையில் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். பெயர் மருதப்பன். சயாமிலிருந்து குற்றுயிராகத் திரும்பி, மலாயாவில் கெடாப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தவர். பெண்டாட்டி பிள்ளை இரண்டும் செத்துப்போனதாகத்தான் அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பழைய அண்டை வீட்டு அன்னம்மாவை எங்கோ பார்த்தபோது, பிள்ளை சாகவில்லை, ஒரு யாழ்ப்பாணத்து நர்ஸ் தூக்கிப்போனாள் என்று அவள் சொல்லிவிட்டாள். சிராங்கூன் ரோட்டில் ஒரு அறையில் மூன்று பேரோடு தங்கி, தோட்டிவேலை பார்த்துக்கொண்டு தேடுகிறார். ஆஸ்பத்திரிக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதித் தர வேண்டும்.

"எம் பொண்ணு பேரு பாக்கியலட்சுமிங்க," என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தப் பெண் ஞாயிறுதோறும் எங்கள் பாடகர் குழுவில் மூன்றாவது வரிசையில் நிற்பவள்.

ஒரு வாரம் கழித்து வரச் சொன்னேன். வந்தார். விசாரித்துவிட்டேன், அந்த நர்ஸ் பிள்ளையோடு சிலோனுக்குப் போய்விட்டார், விலாசம் கிடைக்காது என்று சொன்னேன். அவர் சிலோன் எந்தப் பக்கம் என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டினேன்.

(இந்த வரியை நான்கு முறை எடுத்துவிட்டு நான்கு முறை திரும்ப எழுதினேன்.)

4

ஒரு நல்ல காரியம் செய்த நினைப்போடு சபை வளாகத்தில் இரஞ்சிதம் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஆளிடம் ஒரு காகிதமும் இல்லை, வழக்குக்குப் போனாலும் நிற்காது, நீங்கள் பேசாமல் இருந்தால் போதும் என்றேன். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அவர் எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்டார்.

இருமுகிறார் என்றேன்.

"நான் உம்மை அப்பிடிச் சொல்லச் சொன்னனானோ, தம்பி? போய் உள்ளதைச் சொல்லும்." பிறகு தானே, "கொஞ்சம் பொறும். நான் கேக்கவேணும்," என்றார்.

யாரிடம் என்று சொல்லவில்லை. மூன்று வாரம் கேட்டார் போலிருக்கிறது. அதற்குள் இராஜசிங்கத்துக்கு விஷயம் போயிற்று. ஞானஸ்நானம் பெற்ற ஆத்துமாவைத் திரும்பக் கொடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்றார். ஈப்போவில் தன் தங்கை வீட்டில் பிள்ளையை ஒரு வருஷம் விட்டால் அந்த மனிதர் தேடி அலுத்துப்போவார் என்றார். இது உலக ஆலோசனை மாதிரியே ஒலிக்கவில்லை. அவர் அழுதுகொண்டே சொன்னார்.

அந்த மூன்று வாரத்தில் இரஞ்சிதம் இளைத்துப்போனார். வேலையில் ஊசி மருந்தை மாற்றி எடுத்து, நல்லவேளையாகத் தானே கண்டுபிடித்து, விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். நான்காம் ஞாயிறு என்னிடம் வந்தார்.

இங்கேதான் ஆண்டவர் பேச வேண்டும். எழுதிப் பார்த்தேன்: அப்போது மெல்லிய ஒரு சத்தம்

இல்லை. அவர் சொன்னது இது:

"ஒண்டும் கேக்கேல்லை, தம்பி. ஆனா நீங்கள் ரெண்டு பேரும் சொன்னதில எந்த வழியால போனாலும் நான் பொய் சொல்லவேண்டியிருக்கு. ஒரு வழியிலதான் பொய் இல்லை. அந்த வழி எனக்குப் பயமாயிருக்கு. அதைத்தான் பதில் எண்டு எடுத்திட்டன்."

மருதப்பனை அழைத்து வரச் சொன்னார்.

5

போனேன். உள்ளதைச் சொல்ல வாய் வரவில்லை. மறுபடி விசாரித்தேன், அவர்கள் சிலோன் போகவில்லையாம், இங்கேதான் இருக்கிறார்களாம் என்றேன். அவர் குனிந்து என் காலைத் தொட்டார்.

சனிக்கிழமை மத்தியானம் காத்தோங் வீட்டுக்குப் போனோம். குணமணிக்கு முதல்நாள்தான் சொல்லியிருந்தார்கள். துணைக்குப் பள்ளித் தோழி லீலாவைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மருதப்பன் வாசலில் நின்று பார்த்துவிட்டு லீலாவைப் பார்த்துச் சிரித்தார்.

லீலா எழுந்து, "நான் இல்லீங்க, அங்கிள்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

குணமணி அவரைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள்.

"பதினஞ்சு வயசு வரைக்கும் என் ரியல் நேம் எனக்குத் தெரியாது. நீங்கதானே சண்டே ஸ்கூல்ல பொய் சொல்லக்கூடாதுன்னு சொல்லிக் கொடுக்குறீங்க?"

இரஞ்சிதம், "ஓம்," என்றார்.

மருதப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, காலையில் என்ன சாப்பிட்டாய் என்று மகளைக் கேட்டார். ரொட்டி என்றாள். பிறகு வெகுநேரம் கழித்து, நீங்க என்று கேட்டாள்.

6

பத்திரிகைக்கு ஏற்ற முடிவுகள் இரண்டு எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் மருதப்பன் ஞானஸ்நானம் எடுக்கிறார். மற்றதில் குணமணி அம்மாவைக் கட்டிக்கொள்கிறாள். இரண்டும் நடக்கவில்லை.

நடந்தது: குணமணி ஏழு மாதம் அம்மாவோடு பேசவில்லை. இரஞ்சிதத்தை ஓய்வுநாள் பள்ளியிலிருந்து விலகச் சொன்னார்கள். பதினெட்டு வயதில் குணமணி அப்பாவோடு போய் இருந்தாள். அவர் இஷ்டப்படி கோயிலில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. இரஞ்சிதம் போய் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்; சபையில் அதைப் பேசினார்கள். இப்போது குணமணி தன் கைக்குழந்தையைக் காத்தோங்கில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறாள். சில நாள் அம்மாவோடு சாப்பிட உட்காருகிறாள், சில நாள் வாசலோடு போய்விடுகிறாள்.

ஒரு ஆத்துமாவை இழந்துவிட்டாரே, இதுவா ஞானம் என்று மூப்பர் கேட்பார். நானும் ஒருமுறை அக்காவிடமே கேட்டேன். "எனக்குத் தெரியேல்லை, தம்பி," என்றார். "அண்டைக்குக் கேட்டதுக்கு அண்டைக்குப் பதில். மிச்சத்தை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்."

7

மருதப்பன் ஒவ்வொரு தீபாவளிக்கும் என் வீட்டுக்கு முறுக்கு கொண்டுவருவார். "நீங்க இல்லேன்னா எம் பொண்ணு ஏதுங்க," என்பார். நான் பிளேட்டை வாங்கிக்கொள்வேன். நான் அன்றே அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டதாகத்தான் இரஞ்சிதம் அக்கா இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வாரமாக மருதப்பன் நெஞ்சு நோய் வார்டில் இருக்கிறார். நேற்று என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சாகுமுன் என்னை வாழ்த்திவிட்டுப் போக வேண்டுமாம். உள்ளதைச் சொல்லிவிடட்டுமா என்று என் மனைவியிடம் கேட்டேன். சாகப்போகிறவரிடம் எதற்கு, அந்த நிம்மதியையும் ஏன் கெடுக்கிறீர்கள் என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். போதகரும் கிட்டத்தட்ட அதையே சொன்னார். நானும் முழங்காலில் நின்று பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா மாதிரி ஒவ்வொரு வழியாக எண்ணிப் பார்த்தேன். பொய் இல்லாத வழி ஒன்றுதான் இருக்கிறது. அதில் போனால் ஒரு மனிதர் தன் கடைசி நாட்களில், தான் கும்பிட்ட ஆள் யார் என்று தெரிந்துகொள்வார். அது அவருக்காகவா, எனக்காகவா என்று எனக்குத் தெரியவில்லை.

பார்வையாளர் நேரம் ஐந்து மணி. இப்போது நாலேகால். இந்தப் பக்கங்களை எழுதிக்கொண்டிருக்கும்வரை நான் புறப்பட வேண்டியதில்லை. காலையிலிருந்து எழுதுவது அதனால்தான் என்று உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

போய்ச் சொன்னேன் என்று எழுதினால் இந்த நிமிஷத்தில் அது பொய். போகவில்லை என்று எழுதினாலும் இன்னும் பொய்தான். ஆகவே முடிவு எழுதவில்லை. மூப்பர் வேண்டுமானால் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளட்டும், நீங்களும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் பேனாவை மூடி