சுவரில் தொங்கிய முதல் பக்கம்

அக்பர் பாஷா காலை ஒன்பது மணிக்கே, செய்தித்தாளில் சுற்றிய ஒரு கண்ணாடி ஃபிரேமை அணைத்துக்கொண்டு கச்சேரி சாலை அலுவலகத்தின் மாடிப்படி ஏறி வந்தார். வழக்கறிஞர் விசாலாக்ஷி மேசைமேல் இருந்த வழக்குக் கட்டுகளை ஓரமாக நகர்த்தி, அதை வைக்க இடம் கொடுத்தார்.

உள்ளே இருந்தது, மூன்று ஆண்டுகளுக்கு முன் விசாலாக்ஷி எழுதிக் கொடுத்த சட்ட ஆலோசனையின் முதல் பக்கம். கண்ணாடியின் மேல் மூலையில் சாம்பிராணிப் புகை படிந்திருந்தது.

"நீங்க எழுதினதுதான மேடம், தப்பில்லன்னு?"

"நான் எழுதினதுதான். எங்கே மாட்டியிருந்தீங்க?"

"கடையில, கல்லாவுக்கு மேல. வர்றவன்லாம் பாக்கட்டும்னு."

பெரியமேட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஷூ தயாரித்துக் கென்யாவுக்கு அனுப்புவது அவர் தொழில். அவரும் வேறு நான்கு ஏற்றுமதியாளர்களும், ஜோடி ஒன்பது டாலருக்குக் கீழ் எவரும் விற்பதில்லை என்று கூடிப் பேசி முடிவு செய்திருந்தார்கள். ஏற்றுமதிக்கென்றே செய்துகொள்ளும் அத்தகைய உடன்பாட்டை இந்தியப் போட்டிச் சட்டம் தடுப்பதில்லை. முதல் பக்கம் அதைத்தான் சொன்னது, சரியாகவே சொன்னது. ஆனால் நேற்று, கென்யாவின் போட்டி ஆணையத்திலிருந்து ஐந்து பேருக்கும் நோட்டீஸ் வந்திருந்தது. அபராதம் விழுந்தால் பட்டறையை மூடவேண்டியதுதான். அதில் நாற்பது பேர் வேலை செய்கிறார்கள்.

விசாலாக்ஷி பழைய கோப்பை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திறந்தார். கடைசிப் பத்தி: சரக்கு இறங்கும் நாட்டின் சட்டத்தில் இது குற்றமாகலாம், அந்நாட்டு வழக்கறிஞரைக் கேட்காமல் உடன்பாட்டில் இறங்கவேண்டாம்.

"இந்தப் பக்கம் எங்கே?"

"ஃபிரேம்ல ஒரு பக்கந்தான் மேடம் புடிச்சுது."

"படிச்சீங்களா?"

"மொத பக்கமே சந்தோஷமா இருந்துச்சு. அதோட நிறுத்திட்டேன்."

அந்தப் பத்தியில் பிழை எதுவும் இல்லை. பிழை அது இருந்த இடத்தில் இருந்தது. ஒரு வியாபாரியின் பிழைப்பே தொங்கும் எச்சரிக்கையை, அவர் படித்து முடித்துவிட்ட பிறகு வரும் இடத்தில் வைத்தவர் விசாலாக்ஷி. அதைத் தமக்குள் ஒருமுறை ஒப்புக்கொண்டார். இரண்டாம் முறை ஒப்புக்கொள்ள நேரம் இல்லை.

"பதினொரு மணிக்குச் சங்கத்துல மீட்டிங். அப்படி ஒரு பேச்சே நடக்கலைன்னு அஞ்சு பேரும் ஒரே லெட்டர்ல கையெழுத்துப் போடணுமாம். கணேசமூர்த்தி மாமா எழுதி வெச்சிருக்காரு" என்றார் அக்பர் பாஷா. கணேசமூர்த்தி ஷூ ஏற்றுமதியாளர் சங்கத்தின் தலைவர், உடன்பாட்டில் இருந்த ஐவரில் மூத்தவர்.

"அதில் போடாதீங்க. அது பொய், அதுவும் எழுத்துமூலப் பொய். உள்ளதை முதலில் ஒப்புக்கொள்கிறவருக்கு அபராதத்தை முழுசாகவே விட்டுக்கொடுக்க அங்கே விதி இருக்கு. முழுச் சலுகை முதலில் வருகிறவர் ஒருவருக்குத்தான்; அடுத்து வருகிறவருக்குக் கொஞ்சம் குறைப்பாங்க, அவ்வளவுதான்."

"இன்னா மேடம் சொல்றீங்க? என் கடை ஃபிரேமப் பாத்துத்தான் மத்த நாலு பேரும் சேந்தாங்க. இப்ப நானே போயி காட்டிக் குடுக்கறதா?"

"யாரையாவது மிரட்டிச் சேர்த்தீங்களா? மிரட்டினவருக்கு அந்தச் சலுகை கிடையாது."

"சாயா வாங்கிக் குடுத்தேன்."

"அது மிரட்டல் ஆகாது. அவங்க உங்களை நம்பிச் சேர்ந்தாங்க என்றால், அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் தடுக்கவேண்டியவரும் நீங்கதான். ஆனால் ஆணையத்தின் அனுமதி வருகிறவரை யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் சலுகை போயிடும்."

"பதினோரு மணிக்குள்ள வருமா?"

"அங்கே எட்டு மணிக்கு அலுவலகம் திறக்கும். நமக்கு அது பத்தரை. நைரோபியில் எனக்குத் தெரிந்த வழக்கறிஞர் வாசலிலேயே நிற்பார்."

அக்பர் பாஷா ஃபிரேமைக் கவிழ்த்து வைத்தார். சற்று நேரம் அதன் முதுகில் இருந்த ஆணிக் கொக்கியை நெருடிக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க மேடம்."

விசாலாக்ஷி ஒருமணி நேரத்தில் மனுவை முடித்தார். மற்ற நால்வருக்கும் உடனே தெரிவிக்க அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை, இம்முறை முதல் பத்தியிலேயே வைத்தார். நோட்டீஸ் ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருப்பதால் மறைக்க ஒன்றுமில்லை என்ற காரணம் அடுத்த வரியில் இருந்தது. அக்பர் பாஷாவை முழுதும் வாய்விட்டுப் படிக்கவைத்து, அதன்பிறகே கையெழுத்து வாங்கி நைரோபி வழக்கறிஞருக்கு அனுப்பினார்.

பத்து நாற்பத்தாறுக்கு ஆணையத்தின் பதில் வந்தது. மனு பதிவானது, முதல் மனு இதுவே, நால்வருக்கும் தெரிவிக்கலாம்.

அக்பர் பாஷா அங்கேயே போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மாமா, பேனாவ மூடி வைங்க. நான் உள்ளத ஒத்துக்கினு எழுதிக் குடுத்துட்டேன்."

"அட பாவி! உன் கல்லாவுக்கு மேல இருந்தத நம்பித்தானடா எறங்கினோம்!"

"அதுக்கு ரெண்டாம் பக்கம் ஒண்ணு கீது மாமா. நான் படிக்கல. உங்களுக்கும் காட்டல. தப்பு என்னுது. அதான், நீங்க அந்த லெட்டர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி சொல்றேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. யாரோ எதையோ கேட்க, கணேசமூர்த்தி அதட்டி அடக்குவதும் கேட்டது. பிறகு குரல் தணிந்து வந்தது.

"ரெண்டாவதா போறவனுக்கு எவ்ளோ கொறைப்பானுங்க?"

அக்பர் பாஷா விசாலாக்ஷியைப் பார்த்தார். ஒரே வழக்கில் இருவருக்கும் தாமே வழக்கறிஞராக முடியாது என்பதால், அவர் தலையசைத்து மறுத்துவிட்டு, தியாகராய நகரில் இருந்த வேறொரு வழக்கறிஞரின் எண்ணை ஒரு தாளில் எழுதி நீட்டினார். அதன் அடியில் ஒரே வரி: பதினொரு மணிக்குள் கூப்பிடச் சொல்லுங்கள்.