ஞாயிற்றுக்கிழமைப் பக்கி

சாக்குப்பையின் வாயை விரித்து உள்ளே பார்த்ததும் கலையரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய பொருள் வாங்கப் போகிறவர்கள் செய்யவே கூடாத காரியம் அது. திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் வரும்போதே முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தாள். பல்வலிக்காரி மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், ‘இது ஓடாதே’ என்று இரண்டு தடவையாவது சொல்ல வேண்டும், வேண்டாவெறுப்பாக வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். எல்லாம் அந்த மஞ்சள் மூக்கைப் பார்த்த நொடியில் பறந்துபோயிற்று. முழங்கை நீளத்துக்கு ஒரு ரிமோட் கார். பின்சக்கரங்கள் முள் முள்ளான ரப்பரில் தடியாக, முன்சக்கரங்கள் ஒல்லியாக. ஓட்டுகிற இடத்தில் ஹெல்மெட் போட்ட ஒரு பொம்மை மனிதன், மார்புவரைக்கும் மட்டும். எண்பதுகளில் ஜப்பான்காரர்கள் பாகம் பாகமாகப் பெட்டியில் போட்டு விற்றது. வாங்கியவர்களே உட்கார்ந்து திருகாணி முடுக்கிக் கூட்டிக்கொள்ள வேண்டும். இதைப் படங்களில் மட்டுமே பார்த்திருந்தாள். நாலு வருடமாகத் தேடிக்கொண்டிருந்தாள்.

“இன்னா மேடம், சிரிக்கிறீங்க?” என்றார் கடைக்காரர்.

விழுப்புரத்தில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் மைக்செட் வாடகைக்கு விடுகிற கடை அது. கடைக்காரர் பெயர் சவுரிராயன். நாற்பத்தைந்து வயதிருக்கும். வானூர்ப் பக்கம் வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனபோது அவருடைய பழைய ஸ்பீக்கர்களை மொத்தமாக வாங்கியிருக்கிறார். அதோடு ஒட்டிக்கொண்டு வந்த சாக்குப்பை இது. ‘பொம்மை கார், ஓடாது’ என்று ஒரு வரி எழுதிப் படத்தைப் போனில் விற்பனைக்குப் போட்டிருந்தார்.

“ஒண்ணுமில்லண்ணா. சும்மா.”

“சும்மாவுக்கு யாரும் இப்டி சிரிக்க மாட்டாங்க.” அவர் சாக்குப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “மன்னிச்சுக்கங்க மேடம். இத நான் விக்கல.”

“திண்டிவனத்துலேர்ந்து பஸ் ஏறி வந்துக்கீறேண்ணா!”

“அதான் சொல்றேன். ஓடாத பொம்மைக்கே ஒருத்தங்க திண்டிவனத்துலேர்ந்து வந்து இப்டி சிரிக்கிறாங்கன்னா, அது ஓடினா இன்னா ஆவும்? அத நான் பாக்க வேணாமா? நீங்க எடுத்துக்கினு போய்ட்டா நான் எங்க பாக்கறது?” கேலி செய்கிறாரா என்று அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அப்படித் தெரியவில்லை. “ஞாயித்துக்கிழமைல கட சும்மாதான் கெடக்கும். இங்கயே வந்து ரிப்பேர் பண்ணுங்க. என் கண்ணு முன்னால ஒருவாட்டி ஓட்டிக் காட்டிட்டு எடுத்துக்கினு போங்க. துட்டே வேணாம்.”

பஸ்ஸில் திரும்பும்போது கலையரசிக்கு வந்த கோபம் விக்கிரவாண்டி வரைக்கும் தாங்கியது. அதற்குப் பிறகு, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு எந்தெந்தத் திருப்புளிகளை எடுத்துவர வேண்டும் என்று மனசு தானாகவே யோசிக்கத் தொடங்கிவிட்டது.

அவள் திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். ‘மூச்ச இழுத்துப் புடிங்க, அசையாதீங்க, இப்ப விடுங்க’ என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, வீட்டில்கூட அம்மா இருமினால் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிற அளவுக்கு அந்த வேலை அவளுக்குள் ஊறியிருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு இடம் வந்து, இரண்டும் கூடிவராமல் போனபோது, போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். அதை ஒரு குறையாகச் சுமந்துகொண்டு திரிகிறவள் இல்லை. ஒருநாள் காயலாங்கடை வாசலில் கவிழ்ந்து கிடந்த ஒரு ரிமோட் காரை, ஏன் என்று தெரியாமலே வாங்கி வந்தாள். ஒரு மாதம் மல்லுக்கட்டி மொட்டைமாடியில் ஓடவிட்டபோது, அது காயப்போட்டிருந்த மல்லாட்டைக் கடலைக்குள் புகுந்து அத்தனையையும் வாரி இறைத்துக்கொண்டு போனது. அம்மா அஞ்சம்மாள் போட்ட கூச்சலில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். செத்துக் கிடந்த ஒன்று தன் கையால் எழுந்து ஓடுவதைப் பார்த்த அன்று அவளுக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை. இப்போது பீரோவின் கீழ்த்தட்டில் புடவைகள் இருக்க வேண்டிய இடத்தில் கார்கள்தான் இருந்தன.

“ஞாயித்துக்கெழமையும் அதுவுமா விழுப்புரத்துல இன்னாடீ வேல?” என்றாள் அம்மா.

“ஒரு பக்கிய ரிப்பேர் பண்ணணும்மா.”

“யாரடீ பக்கிங்கிற?”

“காரும்மா. அந்த மாதிரி காருக்கு இங்கிலீஷ்ல பேரே பக்கிதான்.”

அம்மா நம்பவில்லை. ஆனாலும் கேப்பை அடை தட்டி டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. சவுரிராயன் மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்து ஷட்டரைத் தூக்குவார். குழாய் ஸ்பீக்கர்களுக்கும் சீரியல் லைட்டுச் சுருள்களுக்கும் நடுவே, கவிழ்த்துப் போட்ட ஒரு பெரிய ஸ்பீக்கர் பெட்டிதான் அவர்களுடைய மேசை. காரின் அடிப்பாகமெல்லாம் செம்மண் இறுகியிருந்தது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் அவள் தேய்க்கத் தேய்க்க, அவர் ஒவ்வொரு திருகாணியாக வாங்கித் தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டார். பின்சக்கரங்களைச் சுற்றுகிற பல்சக்கரப் பெட்டி மட்டும் எதற்கும் அசையவில்லை. மூடித் திருகாணிகள் துருவேறி இறுகிப்போயிருந்தன. வலிந்து திறந்தால் பிளாஸ்டிக் உடைந்துவிடும், திறக்காவிட்டால் உள்ளே என்ன கெட்டிருக்கிறது என்று தெரியாது. கலையரசி அதைக் கைக்குட்டையில் சுற்றித் திண்டிவனத்துக்கு எடுத்துப்போய், கூட்டம் குறைந்த நேரத்தில் டாக்டரிடம் கேட்டாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பேஷன்ட் பேரு இன்னாம்மா?” என்றார். குழந்தைகளின் விரலுக்கு வைக்கிற மெல்லிய அளவில் வைத்து ஒரு படம் எடுத்தாள். பிளாஸ்டிக் சக்கரங்கள் புகைபோலவும் நடுவிலிருந்த இரும்புத்தண்டு வெள்ளையாகவும் விழுந்திருந்தன. தண்டு ஓரிடத்தில் வளைந்திருந்தது.

அடுத்த ஞாயிறு சவுரிராயன் அந்தப் படத்தை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். “இடுப்பெலும்பு” என்றார். “கட்டுப் போட்டா சரியாப்பூடும்.” இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எங்கே வளைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டதால் எந்தப் பக்கம் சூடுகாட்டி மூடியை நெகிழ்த்தலாம் என்பதும் தெரிந்தது. தண்டை அவள் நிமிர்த்தினாள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற செப்புத் தகட்டைச் சுரண்டி ஒயர்களை ஈயம் வைத்துப் பற்றவைத்தது அவர். பற்றவைக்கும்போது நாக்கின் நுனியைக் கடித்துக்கொள்வார். அப்படியொரு வேளையில் நிமிராமலே, “எம் பொஞ்சாதி லூர்துமேரிதான் எங்க செட்டுக்கு அனவுன்ஸ்மென்ட் பண்ணும். மாதா கோயில் திருவிழான்னா அது கொரலுதான். தவறிப்போயி ஆறு வருசம் ஆவுது” என்றார். ஈயப்புகை அவர் முகத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போனது. கலையரசி அவர் காட்டிய இடத்தில் அடுத்த ஒயரைப் பிடித்துக்கொண்டாள்.

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று சொல்ல முடியாது, அவள் பேச்சிலிருந்து ‘அண்ணா’ கழன்று விழுந்துவிட்டது. அந்த இடத்துக்கு வேறெதுவும் வரவில்லை. ‘இங்க பாருங்க’, ‘இதப் புடிங்க’, ‘சாப்டீங்களா’ என்று பெயரில்லாமலே பேச்சு ஓடியது. அம்மா அதைக் கண்டுபிடித்துவிட்டாள். கலையரசி அவரோடு போனில் பேசி முடித்ததும் கேட்டாள்: “வேதக்காரங்களா?”

“ஆமா.”

அம்மா கொஞ்சநேரம் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள். “அடையில உப்பு போதுமான்னு கேளு” என்றாள் பிறகு.

இத்தனை நன்றாகப் போய்க்கொண்டிருந்ததில்தான் அது நடந்தது. அடுத்த வாரம் ஓட்டிவிடலாம் என்ற நிலையில், அவள் வந்து பார்க்கும்போது பளபளவென்று இருக்கட்டும் என்று நினைத்து, சவுரிராயன் மஞ்சள் மேல்கூட்டை ஆம்ப்ளிபயர் துடைக்கிற தின்னரைத் தொட்டுத் துடைத்துவிட்டார். அந்தப் பிளாஸ்டிக்குக்குத் தின்னர் ஆகாது. கலையரசி போனபோது கூடு பால் திரிந்ததுபோல வெளுத்து, மேலெல்லாம் சிலந்திவலையாக விரிசல் ஓடிக் கிடந்தது. இத்தனை வருடம் வெயிலையும் சாக்குப்பையையும் தாக்குப்பிடித்த ஸ்டிக்கர்கள் சாயம் கரைந்து வழிந்திருந்தன. அவர் கையில் மஞ்சள் படிந்த துணியோடு நின்றுகொண்டிருந்தார்.

“தொடைக்கச் சொன்னது யாரு?” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் திருப்புளிகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்துவிட்டாள். போன் அடித்தது, எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு போகவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. காலையில் எழுந்து, குளித்து, பழக்கதோஷத்தில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, போவதற்கு இடமில்லாமல் மொட்டைமாடியில் போய் நின்றாள். பழைய கூடு ஒன்று போய்விட்டதற்கு இவ்வளவு துக்கம் அதிகம் என்று அவளுக்கே பட்டது. அப்படியானால் மீதித் துக்கம் எதற்கு என்ற கேள்வியை அவள் துணிக்கொடியில் தொங்கிய துணிகளை மடித்து மடித்துத் தள்ளிப்போட்டாள்.

“அந்தப் பக்கி இன்னாதாண்டீ ஆச்சு?” என்றாள் அம்மா, படியில் நின்றுகொண்டே.

“எந்தப் பக்கி?”

“ரெண்டுந்தான்.”

புதன்கிழமை ஸ்கேன் சென்டரில் நல்ல கூட்டம். டோக்கன் வாங்கி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக்கொண்டிருந்த கலையரசி, அடுத்த பெயரைப் படித்துவிட்டு ஒரு கணம் நின்றாள். மறுபடி படித்தாள். “சவுரிராயன்.”

அவர் ஒரு பெரிய துணிப்பையை இடுக்கிக்கொண்டு உள்ளே வந்தார். 

“எங்க வலி?” என்றாள், சுவரைப் பார்த்து.

“எனக்கு ஒண்ணுமில்ல. பேஷன்டக் கூட்டியாந்துக்கீறேன்.” பைக்குள்ளிருந்து ஒரு கூட்டை எடுத்துப் படுக்கைமேல் வைத்தார். “அன்னிக்கு நீங்க போனதும் மரக்காணத்துக்குப் போனேன். அங்க விருத்தாசலம்னு ஒருத்தரு பைபர் படகெல்லாம் ஒட்டி ரிப்பேர் பண்றாரு. ஒடைஞ்ச கூட்ட வச்சு அச்சு எடுத்து, அதே மாதிரி பண்ணிக் குடுத்தாரு. அதே மாதிரின்னா…” என்று நிறுத்திக்கொண்டார்.

அதே மாதிரி என்று யாரும் சொல்ல முடியாது. மூக்கு தடித்திருந்தது. கையில் தூக்கினால் அம்மிக்குழவி மாதிரி கனத்தது. படகுக்காரரிடம் இருந்தது படகுப் பெயின்ட்தான். கீழே கரும்நீலம், மேலே வெள்ளை, நடுவில் ஒரு சிவப்புக் கோடு. பக்கவாட்டில், கடலில் தூரத்திலிருந்து பார்த்தாலும் படிக்கிற மாதிரி கொட்டை எழுத்தில் ஒரு பெயர் எழுதியிருந்தது.

கலையரசி அதைப் படித்தாள். அவளுடைய பெயர்தான்.

“இன்னா பேரு இது?”

“பேரு எழுதாம நான் எதையும் வெளிய அனுப்ப மாட்டேன், இன்னா பேரு, ஜல்தி சொல்லுன்னாரு. வாயில வந்தத சொல்லிட்டேன்.” அவர் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. “வேணாம்னா அழிச்சிட்லாம். தின்னர் இல்லாம.”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. எக்ஸ்ரே அறையிலிருந்து இப்படியொரு சத்தத்தைக் கேட்டிராத வெளிவரிசை மொத்தமும் கதவைப் பார்த்தது. கையில் கட்டுப் போட்டிருந்த ஒரு அம்மாள், “உள்ள இன்னாமா பண்றாங்க?” என்று பக்கத்தில் கேட்டாள்.

“இவ்ளோ கனத்த அந்த மோட்டாரு இழுக்குமா?” என்றாள் கலையரசி கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“இழுக்காது போலக்கீது. அதனாலதான் உங்ககிட்ட வந்தேன்.”

இழுத்தது. அவள் பல்சக்கரத்தை மாற்றி, பின் ஸ்பிரிங்குகளுக்குத் தடிப்பானவற்றைத் தேடிப் போட்டு, வீட்டிலிருந்த வேறொரு காரின் ரிமோட்டையும் ரிசீவரையும் கொண்டுவந்து பொருத்தி, இழுக்க வைத்தாள். ஓட்டிப் பார்க்கப் பெருமுக்கல் மலைக்குக் கீழே தண்ணீர் வற்றிக் கிடந்த ஏரியைத் தேர்ந்தெடுத்தார்கள். மைக்செட் ஏற்றுகிற குட்டியானை வண்டியில் முன்சீட்டில் அம்மா குடையும் சாப்பாட்டுக் கூடையுமாக உட்கார்ந்துகொண்டு, வழிநெடுக சவுரிராயனிடம் ஒரு திருவிழாவுக்கு எத்தனை ஸ்பீக்கர் கட்டுவீங்க, மழை வந்தா இன்னா பண்ணுவீங்க என்று விசாரித்துக்கொண்டே வந்தாள். மாசி மாதத்து வெயில் அப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. ஏரித்தரை வெடித்து, காய்ந்து, கண்ணுக்கெட்டியவரை தட்டையாகக் கிடந்தது.

முதலில் கலையரசி ஓட்டினாள். கார் ஒரு உறுமலோடு கிளம்பி, வெடிப்புகளின்மேல் ஏறி இறங்கி, பெரிய வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. அம்மா, “அடியாத்தே!” என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சின்ன மேடொன்றில் ஏறி அது ஒரு முழ உயரம் அந்தரத்தில் போய் விழுந்து, கவிழாமல் ஓடியபோது சவுரிராயன் விசிலடித்தார். கோயில் திருவிழாவில் மைக் இல்லாமலே கேட்கிற விசில். 

“புடிங்க” என்று ரிமோட்டை அவர் கையில் கொடுத்தாள். “மொதல்ல மெதுவா.”

அவர் எங்கே மெதுவாக ஓட்டினார்? விசையை முழுக்கத் தள்ளிவிட்டார். கார் நேராக மேற்கே பாய்ந்தது. போய்க்கொண்டே இருந்தது. அவர் விசையை இழுத்தார், நிற்கவில்லை. திருப்பினார், திரும்பவில்லை. 

“ஏரியல இழுத்து விடலயா?” என்று கத்தினாள் கலையரசி.

சவுரிராயன் கையிலிருந்ததைப் பார்த்தார். கைமாறியபோது உள்ளே போய்விட்ட ஏரியல் கம்பி விரல் நீளத்துக்கு மேல் வெளியே இல்லை. சிக்னல் எட்டாத தூரத்துக்குப் போய்விட்ட கார், கடைசியாகக் கேட்ட சொல்லையே வேதமாகப் பிடித்துக்கொண்டு முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பதற்றத்தில் அவர் கம்பியை இழுக்க, அது கையோடு வந்துவிட்டது.

கலையரசி புடவையைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு ஓடத் தொடங்கினாள். எப்போது கடைசியாக ஓடினாள் என்று அவளுக்கு நினைவில்லை. பின்னால் அவர் மூச்சு வாங்குவதும் “நில்லு! நில்லு!” என்று காரைப் பார்த்துக் கத்துவதும் கேட்டது. அதற்கும் பின்னால் அம்மா, யாரைச் சொல்கிறாள் என்று தெரியாமல், “புடி! உட்றாத!” என்று கூவிக்கொண்டிருந்தாள். ஒரு செருப்பு எங்கோ கழன்றது. மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் நடுவில் வழிவிட்டு இரண்டு பக்கமும் சிதறின. அவற்றுக்கு ஊடாக, செம்புழுதி வாலாக எழும்ப, நீலமும் வெள்ளையுமான அந்தச் சின்னஞ்சிறு படகு வெடித்த தரைமேல் மூக்கைத் தூக்குவதும் தாழ்த்துவதுமாக, அக்கரைப் பனைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.