ஏழு இலைச் செடி

ராக்கம்மாள் வீட்டு வாசலில், தண்ணீர்க் குழாயை ஒட்டி ஒரு ரோஜாச்செடி நின்றது. நின்றது என்பதைவிட ஆட்டம் போட்டது என்று சொல்லலாம். ஆள் உயரத்தைத் தாண்டி, தகரக் கூரையைத் தொட்டு, அங்கிருந்து பக்கத்து வீட்டு வேலிக்கும் கை நீட்டிவிட்டது. இலைக்குக் குறைவே இல்லை. பூதான் மூன்று வருடமாக ஒன்றுகூட இல்லை.

அது அவள் புருஷன் காசிமாயன் வைத்த செடி. கொடைக்கானலுக்கு லாரி ஓட்டிய மனுஷர், ஒரு நாள் சோற்றுத் தூக்கை எங்கோ மறந்துவிட்டு, கையில் ஒரு ரோஜாக் கன்றோடு வந்து இறங்கினார். மலை மேலே ஒரு பழைய பங்களாவில் நிற்கும் செடியிலிருந்து ஒட்டுப் போட்டது, நூறு வருடத்து ரகம் என்று அங்கிருந்த தோட்டக்காரர் சொன்னாராம். தூக்குக்காக ஒரு மூச்சுத் திட்டிய பிறகுதான் ராக்கம்மாள் கன்றைப் பார்த்தாள். பூத்த அன்றைக்குத் திட்டியதெல்லாம் மறந்துபோயிற்று. கடை ரோஜா மாதிரி கூர்மொட்டாக நிற்கவில்லை. கிண்ணம் போல விரிந்து, வெளிர் ரோஸ் இதழ்கள் நடுவில் நான்கு பாகமாக மடிந்து கிடந்தன. வாசம் தெருமுனை வரைக்கும் போனது.

பிறகு அவர் படுத்தார். பங்குனியிலிருந்து மூன்று மாதம் மதுரை ஆஸ்பத்திரியே கதி. கத்திரி வெயிலில் செடிக்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. ஆனியில் அவரும் போய்விட, காரியமெல்லாம் முடிந்து ராக்கம்மாள் வாசலைப் பார்த்தபோது செடி விறகாகியிருந்தது. காய்ந்ததையெல்லாம் வெட்டி எறிந்தாள். ஒரே வாரத்தில் மண்ணை ஒட்டி ஒரு துளிர் வந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகை, சாவு வீட்டில்கூட அழாதது. அன்றிலிருந்து அரிசி கழுவிய தண்ணீர் முதல் ஆட்டுப் புழுக்கை வரை அந்தச் செடிக்குத்தான்.

மூன்றாம் வருட நினைவு நாளுக்குப் பத்து நாள்தான் இருந்தது. போன இரண்டு வருடமும் கடை மாலை வாங்கிப் போட்டாகிவிட்டது. இந்த வருடமாவது அவர் செடியில் பூத்த ஒரு பூவை அவர் படத்துக்கு வைத்துவிட வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான். ஒரு கிளையை ஒடித்து வயர்க்கூடையில் வைத்துக்கொண்டு பரவைக்கு பஸ் ஏறினாள்.

பரவையில் நர்சரி வைத்திருக்கும் சூரியபிரகாஷுக்குப் பழைய ரோஜா என்றால் பைத்தியம். எந்தப் பங்களாவில், எந்தக் கல்லறைத் தோட்டத்தில் எது நிற்கிறது என்று தேடி அலைகிறவன். பூவே வேண்டாம், இலையும் முள்ளும் போதும், ரகம் சொல்லிவிடுவேன் என்று சொல்லித் திரிவான். சும்மா சொல்லவில்லை, சொல்லவும் செய்வான்.

கிளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முன்னே இந்தச் செடியில் முள் இருந்ததா என்று கேட்டான். இருந்தது, சேலையைக் கிழிக்கும் என்றாள். இப்போது? இப்போது தடவினாலும் வழுவழு என்றிருந்தது. தன் கவனிப்புக்குச் செடி இளகி முள்ளையே விட்டுவிட்டது என்று ஊரெல்லாம் பெருமை அடித்தவள் அவள். ஒரு காம்பில் எத்தனை இலை என்று எண்ணச் சொன்னான். ஏழு. முன்னே ஐந்துதான் இருந்திருக்கும் என்றான்.

"ஒட்டுன ரோசா காஞ்சு போச்சுக்கா. இது அடியில வேருக்காக வச்ச காட்டு ரோசா, அதுதான் தழைச்சிருக்கு. நம்ம ஊரு வெயிலுக்கு இது பூக்காது."

ராக்கம்மாள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாவது தடவையாகத் தாலி அறுத்தது போலிருந்தது அவளுக்கு. யாரோ பெத்த பிள்ளையை மூன்று வருடம் மடியில் போட்டுக் கொஞ்சியிருக்கிறாள்.

அவன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். செடி காயும் முன்னே யாராவது மேல்கிளையில் குச்சி வாங்கி வைத்திருந்தால், அது எங்கே நின்றாலும் அதே ரோஜாதான் என்றான்.

"கேட்டவுக ஒருத்தருக்கும் நான் குடுக்கலப்பா."

"கேக்காதவுக?"

ராக்கம்மாள் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

நம் பக்கத்தில் ரோஜாக் குச்சியைக் கேட்டு வாங்கி வைத்தால் பிடிக்காது, திருடி வைத்தால்தான் பிடிக்கும் என்பார்கள். காசிமாயன் படுப்பதற்கு முந்தின பொங்கலுக்கு வந்த நாத்தனார் மலையம்மாள், ஆள் இல்லாத நேரம் பார்த்து ஒரு குச்சியை ஒடித்தாள். ராக்கம்மாள் கையும் களவுமாகப் பிடித்து, சிரிக்கச் சிரிக்கச் சத்தம் போட்டு, குச்சியோடு அனுப்பிவிட்டாள். விஷயம் அதோடு போயிருக்கும். ஆனால் ஆனியில், பிணத்தை எடுக்கும் முன்னே, ஊர்க்கூட்டத்துக்கு நடுவில் அவள் மலையம்மாளைப் பார்த்து, நீ ஒடித்த நேரம்தான் என் குடும்பம் ஒடிந்தது என்று கத்தினாள். பதினாறாம் நாள் முடிந்து போன மலையம்மாள், பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை.

திரும்பும் பஸ்ஸில் ராக்கம்மாள் தன் ஊரில் இறங்கவில்லை. இரண்டு ஸ்டாப் தாண்டி, மலையம்மாள் இருக்கும் அலங்காநல்லூரில் இறங்கி நடந்தாள்.

தெருவில் திரும்பும்போதே வாசம் வந்துவிட்டது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பெயின்ட் வாளி. அதில் செடி. முள் இருந்தது. காம்புக்கு ஐந்து இலை. மூன்று பூக்கள் விரிந்திருந்தன, அந்த நான்கு மடிப்போடு.

நடையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த மலையம்மாள் நிமிர்ந்து, "வாங்க" என்றாள். மதினி என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் கோத்து வைத்த பேச்சையெல்லாம் விட்டுவிட்டு ராக்கம்மாள் நேராகவே சொன்னாள்.

"அன்னைக்கு நான் சொன்ன சொல்லு தப்பு மலையம்மா. செத்தது உனக்கு அண்ணன்னு எனக்கு அப்பத் தோணவே இல்ல."

மலையம்மாள் இரண்டு வெங்காயம் உரித்து முடித்தாள்.

"நீங்க சொன்னது நெசமா இருக்குமோன்னு எத்தனையோ நாளு இதப் பிடுங்கிப் போட வாளிகிட்ட வந்துருக்கேன் மதினி. கை வரல."

ராக்கம்மாளுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. மூன்று வருடம் இவளும் இந்தச் சொல்லைச் சுமந்துகொண்டா தண்ணீர் ஊற்றினாள்? பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணீருக்கு வெங்காயத்தைச் சாக்குச் சொல்ல இருவருக்கும் வசதியாக இருந்தது. பிறகு ஏழு இலைச் செடியின் கதையைச் சொன்னாள். முள்ளை விட்டுவிட்டது என்று பெருமை அடித்ததைச் சொன்னபோது மலையம்மாள் சிரித்துவிட்டாள்.

"நினைவு நாளுக்குப் பூவ நானே கொண்டு வாரேன்," என்றாள்.

"எனக்கு ஒரு குச்சியும் குடு."

"அது குடுக்க மாட்டேன்."

ராக்கம்மாளின் முகம் விழுந்தது. மலையம்மாள் வெங்காயத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"குடுத்தாப் பிடிக்குமா? இருங்க, நான் உள்ள போயி காபி போடுறேன். வர நேரமாகும்."

அடுப்படியில் பாத்திரங்கள் தேவைக்கு மேல் உருண்டன. ராக்கம்மாள் தெருவை இருபக்கமும் பார்த்தாள். ஐம்பத்திரண்டு வயதில் முதல் திருட்டு. வாளி ஓரமாகக் குனிந்து, கைக்கு வந்த ஒரு குச்சியைப் பிடித்தாள்.

அடுப்படி ஜன்னலிலிருந்து குரல் வந்தது.

"அந்த நோஞ்சான் வேணாம் மதினி. பக்கத்துல பென்சில் தண்டிக்குத் தடியா ஒண்ணு நிக்குது பாருங்க, அத ஒடிங்க."