இரண்டு விரல் லூஸ்

எதிரணி புகைக்குண்டை வீசியது. டெய்லரக்காவின் திரையில் புகை பாதி எழும்பி அப்படியே நின்றது. மவுஸை ஆட்டினாள். கீபோர்டைத் தட்டினாள். லேப்டாப்பின் முதுகிலும் ஒரு போடு போட்டாள். புகை நகரவில்லை. ஹெட்செட்டில் தம்பியின் குரல் மட்டும் குறையில்லாமல் வேலை செய்தது.

"அக்கா, சுடு! சுடுக்கா! போச்சு. செத்துட்டியா?"

"நான் சாகலைடா. இது செத்துடுச்சு."

மூன்று சனிக்கிழமை, மூன்று ஆட்டம், மூன்று தடவை. நான்கு பேர் கொண்ட அணியில் தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுவது அவள் பொறுப்பு. ஊசியில் நூல் கோத்துப் பழகிய கண், குறி தப்பாது. ஆனால் திரையில் புகை வந்தால் லேப்டாப் படுத்துவிடும். அது தம்பி ஆசை ஆசையாக வாங்கி, அலுத்துப்போய் அக்கா தலையில் கட்டிய லேப்டாப். பத்து நிமிடம் ஓடினால் அதன் மேல் சட்டைக் காலரை வைத்து இஸ்திரி போடலாம்.

தம்பி வேறு ஊரில் வேலை பார்த்தான். சாதாரணமாக ஃபோன் பண்ணினால் "ம்", "சரி", "வெச்சிடவா" என்ற மூன்று வார்த்தைக்கு மேல் பேச மாட்டான். விளையாட்டில் உட்கார்ந்தால்தான் சாப்பிட்டது, சண்டை போட்டது, மேனேஜரைத் திட்டியது எல்லாம் வெளியே வரும். காலை முதல் மாலை வரை ஊர் உடம்பையெல்லாம் அளந்து ஓய்ந்த பிறகு, அந்த இரண்டு மணி நேரம்தான் டெய்லரக்காவுக்கென்று இருந்தது. அவன்தான் அணித் தலைவன். அன்று ஆட்டம் முடிந்ததும் மென்று விழுங்கினான்.

"எப்படியோ தப்பிச்சு அரையிறுதிக்கு வந்துட்டோம்க்கா. அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு மேட்ச். நம்ம டீம்ல பல் டாக்டர் இருக்காரில்ல, அவரோட மச்சினன் ஒருத்தன் நல்லா ஆடறானாம். மெஷினும் புதுசாம்."

"அதாவது, என்னைத் தூக்கப் போறே."

"தூக்கலைக்கா. நீ மெஷினை மாத்தினா நீதான் ஆடப் போறே. மாத்தலேன்னா..."

"மாத்தறேன். அந்த மச்சினனைப் போய்ப் பல்லு விளக்கச் சொல்லு."

பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்கு அறுபது கோட் தைத்துக் கொடுத்த காசு கையில் இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் கடையை மூடிவிட்டுப் புருஷனையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். அவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவே நான்கு மணி நேரம் சும்மா இருப்பார். கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதில் விளக்கு எரிய வேண்டும்.

பாகங்கள் விற்கும் கடை ஒரு குறுகலான படிக்கட்டின் உச்சியில் இருந்தது. தரையிலிருந்து கூரைவரை அட்டைப்பெட்டிகள். கடைக்காரரை எல்லோரும் 'வாட்' என்றே கூப்பிட்டார்கள். எந்தப் பொருளைக் கேட்டாலும் அது எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்று முதலில் கூட்டிப் பார்க்கிற மனிதர். காதில் பென்சில் இருந்தது.

"சொல்லுங்கக்கா, என்ன விளையாடப் போறீங்க?"

டெய்லரக்கா நான்காக மடித்த காகிதத்தை நீட்டினாள். நாலு நாளாக இணையத்தில் தேடிப் படித்து, பழைய அளவு நோட்டில் எழுதிக் கிழித்தது. பிராசஸர், மதர்போர்டு, ரேம், எஸ்.எஸ்.டி. எல்லாம் வரிசையாக இருந்தது. புகையையும் நெருப்பையும் திரையில் வரைகிற கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

வாட் படித்தார். புருவம் உயர்ந்தது. "யாரு எழுதிக் கொடுத்தது?"

"ஏன், நான் எழுதக் கூடாதா?"

"அதுக்கில்லக்கா. வர்றவங்க பாதிப் பேர் பிராசஸரைப் பெரிசா வாங்கிட்டு, கார்டுல கஞ்சத்தனம் பண்ணுவாங்க. நீங்க சரியா போட்டிருக்கீங்க." பென்சிலை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். "ஆனா பவர் சப்ளை பத்தாது. ஒரு சைஸ் மேல போங்க. இழுத்துப் பிடிச்சு ஓட்டினா ஒருநாள் பொட்டுனு போயிடும்."

"ஒரு சைஸ் மேலயே போடுங்க" என்றாள். அது அவளுக்குப் புரிகிற கணக்கு.

புருஷன் கண்ணாடி அலமாரியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். உள்ளே மூன்று மின்விசிறிகள் சிவப்பிலிருந்து நீலத்துக்கும் நீலத்திலிருந்து பச்சைக்கும் மாறிக்கொண்டிருந்தன.

"இங்க பாரும்மா, மயில் மாதிரி இருக்கு."

"மயில் வாங்க வரலைங்க."

"எரியாத மெஷின் ஓடுதா இல்லையான்னு எப்படித் தெரியும்?"

"நான் திட்டாம விளையாடினா ஓடுதுன்னு அர்த்தம்."

"லிஸ்ட் முழுக்க உன் இஷ்டம். இந்த ஃபேன் மூணும் என் இஷ்டமா இருந்துட்டுப் போகட்டுமே. பெட்டியெல்லாம் நான்தானே தூக்கப் போறேன்!"

நாற்பது குழந்தைகளின் கூச்சலைத் தினமும் முதுகில் சுமந்து ஓட்டுகிற மனிதர், தனக்கென்று ஒன்று கேட்டு வருஷக்கணக்கில் ஆகிறது. டெய்லரக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

கடைசியில் கேபினெட், அதாவது எல்லாப் பாகங்களையும் உள்ளே வைக்கிற இரும்புக் கூடு. தையலறையில் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளிதான் இருந்தது. அதற்கு ஏற்ற கூட்டைத் தேர்ந்தெடுத்தாள். முன்பக்கம் வலை, பக்கவாட்டில் கண்ணாடி, அடக்கமாக இருந்தது.

வாட் தலையைச் சொறிந்தார். "அக்கா, உங்க கார்டு கொஞ்சம் நீளம். இதைவிடப் பெரிய கூடு ஒண்ணு..."

"எவ்வளவு நீளம்?"

"முப்பத்திரண்டு சென்டிமீட்டர்."

கழுத்தில் மாலையாகத் தொங்கிய டேப்பை உருவினாள். கூட்டின் பின்சுவரிலிருந்து முன்சட்டம்வரை இழுத்துப் பிடித்தாள். "முப்பத்திரண்டரை. உள்ளே போகும்."

"போகும்க்கா, ஆனா முன்னாடி ஃபே..."

"அண்ணே, இருபது வருஷமா அளவெடுக்கறேன். அளவு என் வேலை. நீங்க வாட்டைப் பாருங்க."

வாட் பில் புத்தகத்தைத் திறந்தார். விண்டோஸையும் விளையாட்டையும் எஸ்.எஸ்.டி.யில் ஏற்றிக் கொடுத்தார். பாகங்களையும் தாமே பூட்டித் தருவதாகச் சொன்னார். டெய்லரக்கா ஒத்துக்கொள்ளவில்லை. வெட்டினவளே தைக்க வேண்டும் என்பது அவள் பழக்கம்.

அடுத்த மூன்று நாளும் தைத்துக் கொடுக்க வேண்டிய துணி தலைக்கு மேல் இருந்தது. சனிக்கிழமை காலையில்தான் கதவில் 'இன்று விடுமுறை' பலகையைத் தொங்கவிட்டு, துணி வெட்டும் மேஜையில் பெட்டிகளைப் பிரித்தாள். பிராசஸரை அதன் குழியில் உட்கார வைத்தாள். அதன் மேல் சூடு கடத்தும் பசையைப் பட்டாணி அளவுக்குப் பிதுக்கி, கூலரைப் பூட்டினாள். ரேம் குச்சிகள் இரண்டும் டக் டக்கென்று அமர்ந்தன. பட்டன் துளைக்குக் காஜா எடுக்கிற விரல்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? மேஜையின் மறுமுனையில் புருஷன் தம் மயில்களைக் கூட்டின் முன்சட்டத்துக்கு உட்புறம் வைத்து, ஒன்றுக்கு நான்கு என்று பன்னிரண்டு திருகாணியையும் நாக்கைக் கடித்துக்கொண்டு முடுக்கினார். ஒரு மணிக்கு மதர்போர்டு கூட்டுக்குள் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து கிராபிக்ஸ் கார்டை எடுத்தாள்.

போகவில்லை.

சாய்த்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். கார்டின் மூக்கு போய் மின்விசிறியின் முதுகில் முட்டியது. டேப்பை எடுத்து அளந்தாள். முப்பது. இன்னொரு தடவை அளந்தாள். அதே முப்பது. மின்விசிறியின் கனம் இரண்டரை சென்டிமீட்டர்.

கடையில் அவள் அளந்தது காலிக் கூடு. உடம்பை மட்டும் அளந்துவிட்டு, அதற்குள் மூச்சு விட இடம் வேண்டும் என்பதை மறந்து சட்டை தைத்த கதை. கடைக்கு வருகிறவர்கள் எவ்வளவு இறுக்கமாகக் கேட்டாலும் அளவுக்கு மேல் இரண்டு விரல் லூஸ் விட்டுத்தான் வெட்டுவாள். அந்த இரண்டு விரலால்தான் அவள் பெயர் பக்கத்துத் தெருக்களுக்கும் பரவியிருந்தது.

வாட்டுக்கு ஃபோன் போட்டாள்.

"அன்னைக்கே சொல்ல வந்தேனேக்கா! நீங்க டேப்பைக் காட்டினீங்க."

"சரி, காட்டினேன். இப்ப என்ன பண்றது?"

"பெரிய கூடு குடோன்ல இருக்கு. திங்கக்கிழமை தர்றேன்."

"ஃபேனைக் கழட்டிட்டா?"

"ஓடும். ஆனா காத்து இல்லாம கார்டு கொதிக்கும். கொதிச்சா ஸ்பீடு குறையும், படம் திணறும். பழைய கதைதான்."

ஃபோனை வைத்த கையோடு தம்பி கூப்பிட்டான். "அக்கா, ரெடியா? மூணேமுக்காலுக்குள்ள நீ உள்ள வரலேன்னா மச்சினனை இறக்கணும். ரூல் அப்படி. வருத்தப்படாதே, சரியா?"

"வர்றேன்டா, வை" என்றாள். குரலில் இருந்த தெம்பு முகத்தில் இல்லை. சுவர்க் கடிகாரம் இரண்டரையைக் காட்டியது.

புருஷன் திருப்புளியை எடுத்து முதல் மயிலைக் கழற்ற ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?"

"கழட்டிடறேன்மா. ஒரு மேட்ச் தாங்காதா? வேணும்னா நான் பக்கத்துல உக்காந்து அட்டையால விசிறி விடறேன். லைட்டு கிடக்கு, கழுதை."

சொல்லிவிட்டு, கழற்றிய மின்விசிறியை ஈரத் தலைக் குழந்தையைத் துவட்டுவதுபோல் சட்டை நுனியால் துடைத்தார். டெய்லரக்காவால் பார்க்க முடியவில்லை.

"தப்பு ஃபேன் மேல இல்லீங்க. என் மேலதான். ரெண்டு விரல் லூஸ் விடாம அளந்துட்டேன்."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "என்ன சொன்னே?"

"காதுல விழலையா?"

"விழுந்துச்சு. இன்னொரு தடவை கேக்கலாமேன்னுதான். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல 'தப்பு என் மேல'ன்னு இப்பதான் சொல்றே. தேதி போட்டு எழுதி வெச்சுக்கறேன்."

"நக்கலா? நேரம் போகுது!" என்றாள். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் தலை கொஞ்சம் வேலை செய்தது. இறுக்கமான உடுப்பு புதிதா என்ன? போன மாதம் ஒரு வங்கி மேனேஜர் கோட் பட்டன் போட முடியவில்லை என்று சண்டைக்கு வந்தார். கோட்டில் குறையில்லை. உள்பையில் செங்கல் மாதிரி ஒரு ஃபோன். அன்று கோட்டைப் பிரிக்காமல் என்ன செய்தாள்?

"பையை வெளியே வெச்சுத் தெச்சேன்!"

"எந்தப் பையை?"

பதில் சொல்லாமல் கூட்டின் முன்பக்க வலையைப் பிடித்து இழுத்தாள். அது கிளிப்புகளில் நின்ற வெறும் முகமூடி. பட்டென்று கையோடு வந்தது. முன்சட்டத்துக்கும் வலைக்கும் நடுவே ஓர் இடைவெளி இருந்தது. பழக்கத்தில் கை டேப்புக்குப் போனது. பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு விரலைச் சேர்த்து அந்த இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தாள். தாராளமாக நுழைந்தது.

"ஃபேன் மூணையும் சட்டத்துக்கு வெளிப்பக்கம் பூட்டுங்க. வலைக்கும் சட்டத்துக்கும் நடுவுல. உள்ளே இருக்கிற இடம் முழுக்கக் கார்டுக்கு."

"அப்ப லைட்டு?"

"எரியும்."

பன்னிரண்டு திருகாணியையும் கழற்றி மறுபடி பூட்டுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் கால் மணிதான். பள்ளிப் பேருந்துக்குக்கூட அவர் டயரை அவ்வளவு வேகமாக மாற்றியதில்லை. கார்டு உள்ளே வழுக்கிக்கொண்டு போய் 'கிளிக்' என்று அமர்ந்தது. மூக்குக்கு முன்னால் அரை விரல் இடம் மீதி. ஒயர்களைச் செருகினார்கள். வலையை மாட்டினார்கள். மூன்று இருபத்தைந்துக்குப் பட்டனை அழுத்தினாள்.

மயில்கள் மூன்றும் தோகை விரித்தன. வலைக்கு ஒட்டினாற்போல் வந்துவிட்டதால் வெளிச்சம் முன்பு பார்த்ததைவிட இரண்டு பங்கு. அறையே நீலமாகிச் சிவப்பாகிப் பச்சையானது. டெய்லரக்கா ஒரு நூல் துண்டை வலை முன் பிடித்தாள். நூல் உள்பக்கமாகப் பாய்ந்து ஒட்டிக்கொண்டது. பின்னால் பிடித்தாள். வெளிப்பக்கமாகப் பறந்தது. காற்று சரியாகப் போய் வருகிறது.

"இதைவிட அழகா இருக்கவே முடியாதும்மா" என்றார் புருஷன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"அழறதுன்னா அந்தப் பக்கம் போய் அழுங்க. ஹெட்செட் எங்கே?"

மூன்று நாற்பத்திரண்டுக்கு அவள் பெயர் அணியின் பட்டியலில் தோன்றியது.

"வந்துட்டியாக்கா!" என்று தம்பி கத்திய கத்தலில் ஹெட்செட்டைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. "டாக்டர், உங்க மச்சினனைப் போய்த் தூங்கச் சொல்லுங்க!"

ஆட்டம் இழுபறியாகப் போனது. கடைசிச் சுற்றில் இரண்டு அணியும் சமம். தம்பி விழுந்தான், டாக்டர் விழுந்தார், நான்காவது ஆளும் விழுந்தார். மிச்சம் அவளும் எதிரணியில் ஒருவனும். அவன் புகைக்குண்டை வீசினான். டெய்லரக்கா பழக்கதோஷத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். புகை எழும்பியது. சுருண்டது. மெல்லப் பரவி, ஓரத்தில் நூல் நூலாகப் பிரிந்தது. இத்தனை நாளும் புகை இப்படி நகரும் என்பதே அவளுக்குத் தெரியாது! அந்த நூலிழைகளுக்கு நடுவே ஒரு தோள் தெரிந்தது. ஊசிக் காதைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கினாள்.

ஒரே தோட்டா.

ஹெட்செட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டார்கள். யார் என்ன சொன்னார்கள் என்று ஒருவருக்கும் புரியவில்லை. கடைசியில் தம்பி மூச்சு வாங்கியபடி, "சரிக்கா, மேனேஜர் என்ன பண்ணான் தெரியுமா" என்று ஆரம்பித்தான். அரை மணி நேரம் பேசினான்.

டெய்லரக்கா ஹெட்செட்டைக் கழற்றியபோது புருஷன் வாசற்பக்கம் யாரையோ அனுப்பிவிட்டு வந்துகொண்டிருந்தார்.

"யாருங்க அது?"

"ஜன்னல்ல கலர் கலரா லைட்டைப் பார்த்துட்டுக் கடை திறந்திருக்குன்னு ஒருத்தர் வந்துட்டார். நீ சண்டையில இருந்தே. அதான் பேன்ட்டுக்கு நானே அளவெடுத்துட்டேன்."

"நீங்களா? ஐயையோ, நோட்டைக் கொடுங்க!"

பிடுங்கிப் பார்த்தாள். இடுப்பு, நீளம், தொடை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. கீழே, கொட்டை எழுத்தில், இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தார்:

'ரெண்டு விரல் லூஸ் விடவும். டெய்லருக்கு ஞாபகப்படுத்தவும்.'