குடுமியும் லேத்தும்

என் தம்பி அழகியமணவாளனின் குடுமிக்கும் இரும்பு கடையும் லேத்து மெஷினுக்கும் மூன்று வருஷமாக ஆகவில்லை. ஒன்று சுற்றும், மற்றது அவிழும். இரண்டும் பக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை.

அவன் திருச்சியில் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா படித்தான். சேர்த்துவிட்டது என் வாய்தான். நான் ஸ்ரீரங்கத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "பி.ஏ. படிச்சுட்டு மனுப் போட்டுண்டு அலையறதுக்கு, கையில ஒரு வேலை கத்துக்கட்டும்ப்பா. திருவெறும்பூர்ல பெரிய பாய்லர் தொழிற்சாலை வரப்போறதாம். டிப்ளமாக்காரனைக் கூப்பிட்டு வச்சுப்பா" என்று அப்பாவிடம் ஒரு கோடை முழுவதும் ஓதினேன்.

அப்பா பராசரன் ஓதுவதைத் தொழிலாகவே கொண்டவர். கோவிலில் ஆழ்வார்களின் பிரபந்தம் சேவிக்கும் கோஷ்டியில் நிற்பவர். அவருக்கு முன்னால் தாத்தா நின்ற இடம் அது. சேவித்து முடிந்ததும் கோஷ்டிக்குத் தீர்த்தம் கொடுப்பார்கள். அப்பா இரண்டு கையையும் குவித்து அதை வாங்கும்போது முகத்தைப் பார்க்க வேண்டும். சம்பளம் வாங்கும் அன்றைக்குக்கூட எனக்கு அப்படி ஒரு முகம் வாய்த்ததில்லை. அந்தக் கோஷ்டியில் நிற்கத் தலையில் சிகை, அதாவது குடுமி, வேண்டும். கிராப்புத் தலைக்கு அங்கே இடம் இல்லை.

"படிக்கட்டும். ஆனா சிகையை எடுக்கப்படாது. எனக்கப்புறம் கோஷ்டியில இவன் நிக்கணும். சிகையை எடுத்துட்டா இந்த வாசப்படியை மிதிக்க வேண்டாம்" என்றார் அப்பா. மணவாளன் சரி என்று அவர் காலில் விழுந்து சேவித்தான்.

அப்பாவின் வாக்கு எப்பேர்ப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். அவருக்குப் பொய் சொல்ல வராது. அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, அனுபவித்தவள் சொல்கிறேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு சாதுதானே?" என்று பேச்சுக்குக் கேட்டார்கள். அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "கெட்டிக்காரி. சாதுன்னு சொல்ல முடியாது" என்றார். நான் இன்னும் கமலவல்லி டீச்சராகவே இருக்கிறேன்.

மூன்று வருஷமும் அம்மா தைத்துக் கொடுத்த காக்கித் துணித் தொப்பிக்குள் குடுமியைத் திணித்துக்கொண்டு மணவாளன் லேத்தில் நின்றான். கூடப் படித்த பையன்கள் தொப்பிக்குள் என்ன பலகாரம் என்று கேலி செய்தார்கள். மருங்காபுரியிலிருந்து வந்து படித்த வீரமலை மட்டும் கேலி செய்யவில்லை. அவன் ஊரில் மழை பொய்த்துக் கிணறு ஆழமாகிக்கொண்டே போகிறதாம். மின்சாரம் வந்ததும் ஊர்க் கிணறு எல்லாவற்றிலும் மோட்டார் இறக்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருப்பான். அந்த இருவரும்தான் சிநேகம்.

அறுபத்துநாலாம் வருஷம் சித்திரையில் கடைசிப் பரீட்சை வந்தது. பட்டறைப் பரீட்சை நடத்த வெளியூரிலிருந்து வந்தவர், இரண்டு நாள் முன்னதாகவே மெஷின்களைப் பார்வையிட வந்தார். அப்போதென்று பார்த்து மணவாளனின் தொப்பி நழுவிக் குடுமி தோளில் விழுந்தது. அவர் கோபக்காரர் இல்லை. ஆனால் வேறோர் ஊரில் ஒரு பையனின் தலை மெஷினில் போனதைக் கண்ணால் பார்த்தவராம். "இந்த முடியோட பரீட்சைக்கு வந்தா லேத்துப் பக்கம் விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டார். லேத்து இல்லாவிட்டால் பரீட்சை இல்லை. பரீட்சை இல்லாவிட்டால் டிப்ளமா இல்லை. பாய்லர் தொழிற்சாலையும் இல்லை.

அன்று சாயங்காலம் மணவாளன் வந்து என்னிடம் இதைச் சொன்னான். நான் அப்பாவிடம் போனேன். பதமாகப் பேசிப் பார்த்தேன், கத்தியும் பார்த்தேன்.

"மூணு வருஷம் படிச்சிருக்கான்ப்பா. எல்லாம் பாழாப் போயிடும்."

"தெரியறது."

"முடி வளரும்ப்பா."

"வாக்கு வளராதும்மா" என்றார் அப்பா. அவர் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். அவருக்கு வருத்தமாக இருந்தது. அதோடு எப்படிச் சண்டை போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தம்பி சாப்பிடாமல் கிளம்பிப் போனான். நான்கு மணிக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது அவன் வரவில்லை. அவனுக்குப் பதிலாகப் பட்டறை வாத்தியார் வந்தார். அற்புதசாமி என்று பெயர். பாலக்கரைக்காரர், ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் பூசை தவறாதவர். வெயிலில் காவிரிப் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்து சட்டையெல்லாம் நனைந்திருந்தது.

"பராசரன் சாமி வீடுங்களா?" என்று கேட்டு உள்ளே வந்தார். அப்பா உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி, கூடத்தின் நடுவில் பிரசாதம் வைப்பதுபோல வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க சாமி. தம்பி லேத்துல நின்னுக்கிட்டிருந்தப்ப குடுமி மெஷின்ல மாட்டிக்கிச்சு. தலையை இழுக்கப் பார்த்துது. வேற வழி இல்லாம நான்தான் கத்திரியால வெட்டிட்டேன். தம்பி மேல குத்தம் இல்லை. உங்க வீட்ல இதை எவ்வளவு பெருசா வச்சிருக்கீங்கன்னு தெரியும். அதான் குப்பையில போடாம பத்திரமா கொண்டாந்தேன்."

அம்மா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் சாதத்தில் ஒரு முடி இருந்தாலே சமைத்த தளிகை மொத்தமும் மாட்டுக்குப் போய்விடும். அறுத்த முடியைக் கூடத்தில், பெருமாள் விளக்கு எரியும் இடத்துக்கு எதிரில், இத்தனை மரியாதையோடு யாரும் கொண்டுவந்து வைத்ததில்லை. பாவம், அந்த மனிதர் மரியாதை என்று நினைத்துத்தான் செய்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அப்பா பொட்டலத்தைப் பார்த்தார். பிறகு அற்புதசாமியைப் பார்த்தார்.

"சிகை வந்துடுத்து. தலை எங்கே இருக்கு?"

"தெப்பக்குளம் பக்கத்துல வீரமலை ரூம்ல இருக்கான் சாமி. நாளைக்குக் காலையில பரீட்சை. வீட்டுக்கு வர பயப்படறான்."

அம்மா எனக்கு ஜாடை காட்டினாள். நான் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனேன். கிணற்றடியில் அதைப் பிரித்தேன். பிரித்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மெஷின் இழுத்த முடி பிய்ந்து, சிக்கி, கிரீஸ் அப்பி இருக்க வேண்டும். இதில் அம்மா தேய்த்துவிட்ட நல்லெண்ணெய் வாசம்தான் இருந்தது. அடியில் ஒரே சீராக வெட்டு விழுந்திருந்தது. காலையில் தம்பி கண்ணாடி முன் நின்று போட்ட முடிச்சுக்கூட அவிழவில்லை. எந்த மெஷினும் இவ்வளவு பதவிசாகக் குடுமி எடுக்காது. மணவாளன் தானே கத்திரி போட்டிருக்கிறான். அவன் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமே என்று இந்த வாத்தியார் பொய் சொல்ல வந்திருக்கிறார்.

அவசரமாகப் பொட்டலத்தை மூடினேன். பின்னால் அப்பா நின்றிருந்தார்.

"குடு."

"வேண்டாம்ப்பா, தீட்டு."

அவர் கையை நீட்டியபடியே நின்றார். கொடுத்தேன். முடி காலில் பட்டாலே தலைக்குக் குளிக்கிற மனிதர், அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முடிச்சைப் பார்த்தார். வெட்டு வாயைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். தம்பிக்கு இனி இந்த வீடு இல்லை என்றே முடிவு செய்துவிட்டேன்.

"வேப்பமரத்தடியில புதைச்சுடு" என்றார். கிணற்றில் நீர் இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டார். வேறு வேஷ்டி கட்டித் திருமண் இட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தார். "வாங்கோ வாத்தியார், போகலாம். எனக்கு அந்த ரூம் தெரியாது" என்றார்.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். மணவாளன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டான். அப்பா உள்ளே போய்த் திரும்பிப் பார்த்து, "ஏன் நிக்கறே? படி ஏறத் தெரியாதா?" என்றார். அவன் ஏறினான். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இலை போட்டாள்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார். "மெஷின்ல மாட்டிண்டப்போ ரொம்ப வலிச்சுதாடா?"

தம்பி தலையை நிமிர்த்தவே இல்லை. "இல்லைப்பா."

"வலிச்சிருக்காது. கத்திரிக்கு நன்னா சாணை பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா மோர் கேட்டார்.

மணவாளன் இலையில் கை வைத்தபடியே அழுதான். அப்பா அவனைச் சமாதானப்படுத்தவும் இல்லை, திட்டவும் இல்லை. "நாளைக்குப் பரீட்சை. வயிறாரச் சாப்பிடு" என்றார்.

மறுநாள் காலையில் நான் பள்ளிக்கூடம் போகும் முன் பெருமாளைச் சேவிக்கப் போனேன். தம்பிக்காக வேண்டிக்கொள்ளத்தான். கோஷ்டி சேவித்து முடித்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் சேதி எங்களுக்கு முன்பே எழுந்து குளித்துவிடும். கோஷ்டியில் பெரியவர் ஒருவர் எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"என்ன பராசரன், பிள்ளை சிகையை எடுத்துட்டானாமே?"

அப்பா கர்ப்பக்கிருஹத்தின் பக்கம் ஒருதரம் பார்த்தார்.

"அவன் எடுக்கலை. மெஷின் பிடிச்சுண்டுடுத்து. வாத்தியார் வெட்டித் தலையைக் காப்பாத்தினார்."

"பெருமாள் கிருபை" என்றார் பெரியவர். மற்றவர்களும் தலையாட்டினார்கள். அப்பா சொன்னால் அதற்கு மேல் ஸ்ரீரங்கத்தில் விசாரணை கிடையாது. பெற்ற பெண்ணின் கல்யாணத்துக்காக ஒரு சின்னப் பொய் சொல்லத் தெரியாதவர், பெருமாள் எதிரில் குரல் பிசகாமல் சொன்னார். எனக்கு ஒரு கணம் கோபம்கூட வந்தது. அது நிற்கவில்லை.

தீர்த்தம் வந்தது. ஒவ்வொருவராகக் கை குவித்து வாங்கினார்கள். தீர்த்த வட்டில் அப்பாவிடம் வந்தபோது அவர் இரண்டு கையையும் மேல்துண்டுக்குள் இழுத்துக்கொண்டு ஒரு அடி பின்னால் நகர்ந்தார். கொடுக்கிறவர் ஒரு நிமிஷம் தயங்கினார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். தீர்த்தம் அடுத்தவருக்குப் போயிற்று.

நான் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தது அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். வெளியே வரும்போது நேராக என்னிடம்தான் வந்தார். அவர் கைகள் காய்ந்திருந்தன.

"கமலா, அவன் பரீட்சைக்குக் கிளம்பிட்டானா?" என்று கேட்டார்.