சாவிக்கொத்து வாங்கிய கேமரா

ஆஸ்பத்திரி ஸ்டோர் கீப்பருக்கு அங்கே எல்லாரும் வைத்திருந்த பெயர் சாவிக்கொத்து. மருந்து அறை, துணி அறை, உடைந்த கட்டில்களைப் போட்டுவைத்த அறை என்று எல்லாச் சாவியும் அவர் இடுப்பு பெல்ட்டில்தான் தொங்கும். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும், நர்சுகள் சட்டென்று பேச்சை மாற்றிவிடுவார்கள். பேச்சை மாற்றினால் மனுஷனுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? ஒரு பஞ்சுப் பொட்டலத்தை எவனாவது அமுக்கிவிடுவானோ என்று நினைத்து நினைத்தே தலை நரைத்துப்போன ஆள் அவர்.

அப்படிப்பட்டவருடைய காரில் கீறல் விழுந்தது. டிரைவர் பக்கத்துக் கதவில், இடுப்பு உயரத்தில். முதல் கீறலைக் கடைத்தெரு நெரிசலின் தலையில் கட்டிவிட்டார். இரண்டாவது விழுந்தபோது வண்டி போர்டிகோவை விட்டு நகரவே இல்லை. மூன்றாவது விழுந்ததும் அவருக்கு ஆள் யாரென்றே தெரிந்துவிட்டது.

வேறு யார்? மச்சினன்தான். அவர் மனைவிக்கு இருக்கிற ஒரே தம்பி. தன் பெண்டாட்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகு, அக்கா கூப்பிட்டாளென்று மாடி அறைக்கு வந்து ஆறு மாதமாகிறது. தண்ணீர் ஃபில்டர் ரிப்பேர் செய்கிற வேலை. ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் பிதுங்குகிற ஒரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, காருக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற சந்தில்தான் அவன் காலையில் போகவேண்டும், மாலையில் வரவேண்டும். போதாதா? இன்னொன்றும் இருந்தது. அவன் சட்டையில் தினமும் ஒரு பக்கத் தோளில் சுண்ணாம்பு அப்பியிருக்கும். "எந்தச் சுவரைத் தாண்டிட்டு வர்றான் உன் தம்பி?" என்று மனைவியிடம் கேட்டதற்கு, அவள் துவைக்கிற கையை நிறுத்தாமல், "சம்பாதிச்சுட்டு வர்றவன் சட்டை அழுக்காத்தான் இருக்கும், நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றாள்.

"கையும் களவுமாப் புடிச்சுக் காட்டுறேன். அப்புறம் உன் தம்பி வேற வீடு பாத்துக்கணும், சம்மதமா?"

அவள் சோப்பைக் கீழே வைத்தாள். "எனக்குன்னு மிச்சம் இருக்கிறது அவன் ஒருத்தன். அவன் கீறலைன்னா?"

"கீறலைன்னா பாப்போம்" என்றார். அந்தப் பக்கத்தை அவர் யோசிக்கவே இல்லை.

மனைவியையும் கூட்டிக்கொண்டு கேமராக் கடைக்குப் போனார். அங்கே ஒரு பெண் வரிசையாக எடுத்து மேசையில் வைத்தாள். சாவிக்கொத்து ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தார். வாங்க வந்தவர் மாதிரியே இல்லை, சோதனை போட வந்தவர் மாதிரி இருந்தது.

"சார், நீங்க பாக்கவேண்டியது வண்டியையா, வண்டிகிட்ட வர்ற ஆளையா?" என்று கேட்டாள் அந்தப் பெண். "வண்டின்னா அகலமாக் காட்டுறது போதும். போர்டிகோ முழுக்கத் தெரியும், ஆனா மூஞ்சி சின்னதா இருக்கும். ஆள்தான் வேணும்னா இது. கொஞ்ச இடம்தான் காட்டும், ஆனா மீசை முடியை எண்ணிடலாம்."

"ஆள்தான் வேணும்."

"பேட்டரியா, கரண்டா?"

"பேட்டரின்னா எவனாவது கழட்டிடுவான். கரண்டு. சத்தம் கேக்குமா?"

"முணுமுணுத்தாக்கூடக் கேக்கும் சார்."

"சத்தம் எதுக்குங்க?" என்றாள் மனைவி. "கீறல் வாய் தொறந்து பேசவா போகுது?"

"செய்யறவன் சும்மா செய்வானா? உள்ள இருக்கிற வயித்தெரிச்சலை ஏதாவது ஒரு வார்த்தையில கக்குவான். அது வேணும் எனக்கு." அந்தக் கேமராவையே வாங்கினார். மச்சினன் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து, ஆள் வைத்து, போர்டிகோ விளக்கின் நிழலில் மாட்டினார். உங்களிடம் சொல்வதற்கென்ன, அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு கல்யாணக் களை இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், கதவில் புதிதாக நாலாவது கீறல்.

வேறு யாராக இருந்தாலும் ஓடிப்போய் முதலில் தான் மட்டும் பார்த்திருப்பார்கள். சாவிக்கொத்து பார்க்கவில்லை. ஸ்டோருக்கு சீல் வைத்த பெட்டி வந்தால், சாட்சிக்கு ஆள் நிற்காமல் அவர் பிரிக்கமாட்டார். தனியாகப் பிரித்தால் நாளைக்கு நீதான் எடுத்தாய் என்பார்கள். இத்தனை வருஷத்துப் பழக்கம், வீட்டில் மட்டும் விட்டுப்போகுமா? கேமராவை டிவியில் இணைத்தார். மனைவியைச் சமையலறையிலிருந்து கூப்பிட்டார். மாடியைப் பார்த்து, "கொஞ்சம் கீழ வா, ஒரு விஷயம் இருக்கு" என்றார். தம்பி ஈரத் தலையோடு வந்து சோபா நுனியில் உட்கார்ந்தான்.

"நேத்திக்கு வண்டிகிட்ட யார் யார் வந்தாங்களோ எல்லாம் இதுல இருக்கு. நான் இன்னும் பாக்கலை. எல்லாருமாச் சேர்ந்தே பாப்போம்" என்று ரிமோட்டை மனைவி கையில் கொடுத்தார். நியாயஸ்தர் அல்லவா!

முதலில் வந்தவன் மச்சினன்தான். சந்துக்கு வந்ததும் பையைத் தோளிலிருந்து கழற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். முதுகைச் சுவரோடு ஒட்டி, வயிற்றை உள்ளே இழுத்து, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போனான்.

"பாத்தியா, எப்படிப் பதுங்குறான்னு!" என்றார் சாவிக்கொத்து.

மனைவி டிவியைப் பார்க்கவில்லை. தம்பியின் தோளைப் பார்த்தாள். "சுண்ணாம்பு இதனாலயாடா?"

"வண்டியில பட்டுடக் கூடாதுல்லக்கா" என்றான் அவன்.

அடுத்தது சாவிக்கொத்தே வந்தார். வேலைக்குப் போகிற உடுப்பு, கையில் துடைக்கிற துணி. "இது நான்தான், தள்ளு" என்றார். அவள் தள்ளவில்லை. டிவியில் இருந்த சாவிக்கொத்து கதவின்மேல் சாய்ந்து, வண்டிக் கூரையின் மறு ஓரம்வரை எக்கித் துடைத்தார். இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் இடுப்பிலிருந்த கொத்து கதவோடு சேர்ந்து போனது. கிர்ர்ர். கிர்ர்ர். நல்ல கேமரா, ஒரு கிர்ரைக்கூட விடவில்லை.

அதோடு நின்றிருந்தால் சிரித்து மறந்திருப்பார்கள். துடைக்கும்போது வண்டியோடு பேசுவது அவர் வழக்கம். மனிதர்கள் முகத்துக்கு நேரே சொல்லாததையெல்லாம் அதனிடம்தான் கொட்டுவார். "என்னடா தங்கம் பண்றது, வந்து ஒட்டிக்கிட்டானே" என்றது டிவி. "அக்கா சோறு, அக்கா வீடு. வெக்கம் வேணாம்? இவன் பொண்டாட்டி கொடுத்து வச்சவ, இவன்கிட்டேருந்து சீக்கிரமே தப்பிச்சுட்டா."

சாவிக்கொத்து ரிமோட்டுக்குக் கை நீட்டினார். மனைவி அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

தம்பிதான் பேசினான். குரலில் கோபம் இல்லை, அதுதான் கொடுமை. "இதுக்குக் கேமரா எதுக்கு அத்தான்? என் ஜன்னல் வண்டிக்கு நேர் மேலதான இருக்கு. வந்த நாள்லேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அக்கா காதுல விழாம இருந்தாப் போதும்னு இருந்தேன். இப்ப விழுந்துடுச்சு."

எழுந்து மாடிக்குப் போனான். டிவியில் நேற்றைய பதிவு முடிந்து, இந்த நிமிஷம் நடப்பதைக் கேமரா காட்டிக்கொண்டிருந்தது. காலியான சந்து தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் அதற்குள் வந்தான், ஒரு கையில் பை, ஒரு கையில் பெட்டி. சந்துக்கு நடுவே நின்று யோசித்தான். பிறகு பையை நெஞ்சோடு அணைத்து, பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நகர ஆரம்பித்தான். வீட்டை விட்டே போகிறவன், வண்டியில் படாமல் போனான்.

"பாத்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

சாவிக்கொத்து எழுந்தார். நெஞ்சு முழுக்க அவமானம். கேட்டருகே அவனைப் பிடித்தார். வண்டியிடம் அவ்வளவு பேசுகிற வாய், மனுஷன் முன்னால் அடைத்துக்கொண்டது. பெட்டியை அவன் கையிலிருந்து பிடுங்கினார். திரும்பி, அகலமான அந்தப் பெட்டியோடு சந்துக்குள் விறுவிறுவென்று நடந்தார். அது முன்கதவில் பிடித்துப் பின்விளக்குவரை ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டு வந்தது.

"அத்தான், வண்டி..." என்றான் அவன் பின்னாலிருந்து.

"வண்டி கெடக்குது" என்றார் அவர், திரும்பிப் பார்க்காமல். "நீ உள்ள வா."