மூன்று சிவப்பு

கடைக்காரர் எடுத்து வைத்த டார்ச்சுகளில் ஒன்றுகூடத் தையல்காரிக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொன்றையும் எரியவிட்டு, கைப்பையிலிருந்து எடுத்த மூன்று சிவப்பு நூல்களைக் கண்ணாடி மேசைமேல் அடுத்தடுத்து வைத்து, பக்கவாட்டில் வெளிச்சம் அடித்து, போனைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் படம் எடுத்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். டார்ச் வாங்க வருகிறவர்கள் சுவரில் அடித்துப் பார்ப்பதைத்தான் கடைக்காரர் கண்டிருக்கிறார். நூலில் அடித்துப் பார்க்கிற ஆளை இன்றுதான் பார்க்கிறார்.

“இது அரைக் கிலோமீட்டர் அடிக்கும்மா,” என்றார்.

“எனக்கு அரைச் சாண் போதுங்க.”

கிழிந்த துணியைத் தையல் தடம் தெரியாமல் சேர்த்துக் கொடுப்பது அவள் வேலை. அந்த மூன்று நூல்களும் ஊரார் கண்ணுக்கு வெறும் சிவப்பு. அவளுக்கு ஒன்று செங்கல், ஒன்று மாதுளை, ஒன்று ரத்தம். ஒன்றை எடுக்கவேண்டிய இடத்தில் இன்னொன்றை எடுத்தால் புடவைக்காரி முகத்திலேயே விட்டெறிவாள். பளீரென்ற வெள்ளை டார்ச்சுகளில் மூன்றும் ஒரே சாம்பல் சிவப்பாகத் தெரிந்தன. மஞ்சள் டார்ச்சில் மூன்றும் பழுப்பு.

இத்தனை பாட்டுக்கும் காரணம் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவள் புருஷன் லாரிக்காரர். உடம்பில் சர்க்கரை, சுண்டுவிரலுக்கு அடியில் புண். டாக்டர் இருப்பது வேறு ஊரில் என்பதால், கட்டுப் பிரிக்கும்போதெல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தார். போனின் பிளாஷ் கிட்டத்தில் எல்லாவற்றையும் சுண்ணாம்பாக அடித்தது. சரியென்று லாரி டார்ச்சை அடித்து எடுத்து அனுப்பினார்கள். ஆறிவருகிறது, அதே மருந்தைப் போடுங்கள் என்று பதில் வந்தது. லாரிக்காரர் அன்றே பையைக் கட்டி வாசலோரம் வைத்துவிட்டார். திங்கட்கிழமை லோடு.

நேற்று மதியம் வாசலில் கொஞ்ச நேரம் வெயில் விழுந்தபோதுதான் அவள் பார்த்தாள். சிவப்பு விரலைத் தாண்டிப் புறங்காலில் ஏறியிருந்தது. போனை எடுத்து வருவதற்குள் எதிர்க்கட்டடத்து நிழல் விழுந்தது. இன்று விடிந்ததிலிருந்து மேகம். ஆஸ்பத்திரிக்குப் பேசினால் படம் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினால் நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள்.

“டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் உனக்கென்னடி?” என்றார் லாரிக்காரர். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புவதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது.

“அவரு படத்தப் பாத்துச் சொன்னாரு. நான் காலப் பாத்துச் சொல்றேன்.”

“வலியே இல்லையே.”

“அதாங்க எனக்கு பயமே. டயர்ல காத்து இருக்குன்னு கிளீனர் சொன்னா, நீங்க இறங்கிப் பாக்காம வண்டிய எடுப்பீங்களா?”

அவள் நூலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடைக்காரர் கடைசியில் கீழ்த்தட்டைத் துழாவி, விரல் நீளத்தில் ஒரு டார்ச்சை எடுத்துத் தூசி தட்டினார். “இதுல கலர் உள்ளபடி தெரியும்னு பெட்டியில போட்டிருக்கான். ஆனா வெளிச்சம் கம்மி. யாரும் சீந்த மாட்டேங்கறாங்க.”

அவள் எரியவிட்டாள். செங்கல், மாதுளை, ரத்தம். படத்திலும் தனித்தனியாக மூன்று. விரல் நுனியில் அடித்தாள். காலையில் ஊசி குத்திய புள்ளிகூடச் சிவந்து தெரிந்தது. தேடியது கிடைத்த சந்தோஷம் வரவில்லை, இதில் அந்தக் கால் எப்படித் தெரியுமோ என்றுதான் தோன்றியது. இருந்தாலும் அதையே வாங்கினாள்.

வீட்டில் கட்டைப் பிரித்து வெளிச்சம் அடித்ததும் லாரிக்காரர் குனிந்து பார்த்தார்.

“இந்த டார்ச்சு சரியில்ல. எல்லாத்தையும் சிவப்பா காட்டுது.”

அவள் வெளிச்சத்தைக் குதிகாலுக்கு நகர்த்தினாள். “அப்ப இது ஏன் சிவக்கல?”

குதிகால் குதிகால் நிறத்தில்தான் இருந்தது. கட்டுத்துணி வெள்ளையாக இருந்தது.

“ஏம்மா, பழைய டார்ச்சுலயே இன்னொண்ணு எடுத்து அனுப்பேன்,” என்றார். குரல் இறங்கியிருந்தது. “இந்த லோடு ஒண்ணு போயிட்டு வந்துடறேன்.”

அவள் டார்ச்சை அவர் கையில் திணித்தாள். “பக்கவாட்டுல அடிங்க. ஆடாம பிடிங்க.”

மலைப்பாதையில் ஸ்டியரிங் பிடித்த அவர் மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் படம் எடுத்தாள். வெளுத்துப்போகாத சிவப்பு, அதன் விளிம்பு, விளிம்பைத் தாண்டி ஓடிய மெல்லிய கோடு எல்லாம் படத்தில் விழுந்திருந்தன. அனுப்பினாள்.

இதுவரை எழுத்தில்தான் பதில் வரும். இந்தத் தடவை போன் அடித்தது. டாக்டரே பேசினார்.

“இது இன்னைக்கு எடுத்ததாம்மா?”

“இப்பத்தாங்க எடுத்தேன்.”

“அவர கால ஊன விடாதீங்க. ஒரு வண்டி பிடிச்சு இப்பவே கிளம்பி வாங்க.”

லாரிக்காரர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “விரலு போயிடுமா?”

“தெரியலைங்க. போய்ப் பாப்போம். நான் கூடவே இருக்கேன்ல.”

வாசலோரம் இருந்த பையைத் திறந்து, அவருடைய காக்கிச் சட்டையை எடுத்துக் கொடியில் போட்டாள். அந்த இடத்தில் தன் மாற்றுப்புடவையை வைத்தாள். திரும்பிப் பார்த்தபோது டார்ச் அணையவில்லை. அவர் முதுகை வளைத்துக் குனிந்து, சுண்டுவிரலிலிருந்து கணுக்கால்வரை வெளிச்சத்தை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தார், கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு டயராக அடித்துப் பார்ப்பதுபோல.